ஓபரெட்டாவைப் பரப்பிய அரங்க முதலாளிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய இசைத்தட்டுகளைக் கேட்டுப் பேசும் எங்கள் சிறு வட்டத்தில், ஓபரெட்டாவின் இசையமைப்பாளர்களைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. அவர்களுடைய பெயர்கள் தட்டின் உறையிலேயே இருக்கின்றன. அந்த நாடகங்களுக்குப் பணம் போட்டவர்கள் யார், ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் யார் என்பதில்தான் சந்தேகங்கள் எழுகின்றன. கேட்டவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறாததால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஓபரெட்டா என்றால் சின்ன ஓபரா, அவ்வளவுதானே?

சொல்லுக்குப் பொருள் அதுதான். ஆனால் வேறுபாடு நீளத்தில் இல்லை. ஓபராவில் பெரும்பாலும் உரையாடல் உட்பட அனைத்தும் பாடப்படும். ஓபரெட்டாவில் வசனம் பேசப்படும். இடையிடையே பாட்டும் நடனமும் நகைச்சுவையும் வரும். கதை காதலில் தொடங்கிப் பிணக்கில் சிக்கிப் பெரும்பாலும் திருமணத்தில் முடியும். ஆயினும் பாடுவதற்குப் பயிற்சி பெற்ற குரலும், வாசிப்பதற்கு முழு வாத்தியக் குழுவும் வேண்டும்.

பாரிஸில் ஓஃபன்பாக், வியன்னாவில் யோஹான் ஸ்ட்ராஸ், லண்டனில் கில்பர்ட்டும் சல்லிவனும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது மூன்று தலைநகரங்களில் செழித்தது. 1895 முதல் 1900 வரையிலான சில ஆண்டுகளுக்குள் சூப்பே, ஸ்ட்ராஸ், மில்லோக்கர், சல்லிவன் ஆகிய நால்வரும் அடுத்தடுத்து மறைந்தனர். இந்தக் கலையின் காலம் முடிந்தது என்று பலரும் கருதிய வேளையில்தான் இங்கே பேசப்படும் ஆட்களில் பலர் களத்தில் இறங்கினர்.

மேனேஜர் என்றால் டிக்கெட் கணக்குப் பார்ப்பவர்தானே? அவரை ஏன் இவ்வளவு தூக்கி வைத்துப் பேசுகிறீர்கள்?

அன்றைய லண்டனிலும் நியூயார்க்கிலும் தியேட்டர் மேனேஜர் என்று சொல்லப்பட்டவர் சம்பளத்துக்கு இருந்த ஊழியர் அல்லர். நம் ஊர் நாடக வழக்கில் சொன்னால் அவர் கம்பெனி முதலாளி. அரங்கைக் குத்தகைக்கு எடுப்பது, நாடகத்தின் உரிமையை வாங்குவது, மொழிபெயர்ப்பவரை நியமிப்பது, நடிகையைத் தேர்ந்தெடுப்பது, உடைக்கும் திரைக்கும் கடன் வாங்குவது, ஒத்திகையில் உட்கார்ந்து எந்தப் பாட்டை வெட்டலாம் என்று முடிவு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. வியன்னாவில் இதே ஆளை டிரெக்டர் என்றனர். அச்சொல்லை இன்றைய இயக்குநர் என்ற பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, இந்தக் கதை எந்த ஊரில், எந்த நாடகத்தில் தொடங்குகிறது?

வியன்னாவில், தியேட்டர் ஆன் டெர் வீன் என்ற அரங்கில், 1905 டிசம்பர் 30 அன்று. அன்று மேடையேறியது ஃபிரான்ஸ் லேஹார் இசையமைத்த ‘டி லுஸ்டிகே விட்வே’; ஆங்கிலத்தில் ‘மெர்ரி விடோ’, தமிழில் சொன்னால் களிப்பு மிக்க கைம்பெண். திவாலாகும் நிலையில் உள்ள ஒரு குட்டி நாட்டின் பணமெல்லாம் ஹன்னா கிளவாரி என்ற இளம் விதவையிடம் இருக்கிறது. அவள் ஒரு பிரெஞ்சுக்காரரை மணந்துகொண்டால் அந்தப் பணம் வெளியே போய்விடும் என்று அஞ்சும் பாரிஸ் தூதர், தூதரகத்தில் வேலை பார்க்கும் டானிலோ பிரபுவுக்கு அவளைக் கட்டிவைக்கப் பாடுபடுகிறார். அவ்விருவரும் முன்னொரு காலத்தில் காதலித்தவர்கள் என்பதுதான் கதையின் முடிச்சு.

அந்த அரங்கை அப்போது நடத்தியவர் ஹங்கேரியில் பிறந்த வில்ஹெல்ம் கார்சாக். 1901இல் அரங்கு அவர் கைக்கு வந்தது. கார்ல் வால்னர் அவருடைய கூட்டாளி. லேஹாரின் இந்த நாடகத்தை அடுத்து லியோ ஃபாலின் ‘டாலர் இளவரசி’ 1907லும், ஆஸ்கர் ஸ்ட்ராஸின் ‘வீரமிக்க சிப்பாய்’ 1908லும், லேஹாரின் ‘லக்ஸம்பர்க் பிரபு’ 1909லும் அதே மேடையில் அரங்கேறின. நான்கே ஆண்டுகளில் இத்தனை வெற்றிகள் ஒரே முதலாளியிடமிருந்து வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கார்சாக் இசைப் பதிப்பகம் ஒன்றையும் நடத்தினார். மேடையில் பிடித்துப்போன பாட்டை வீட்டுப் பியானோவில் வாசிக்க விரும்பியவர்களின் பணமும் அந்த வழியில் வந்தது.

கார்சாக் அந்த இசையைக் கேட்டுவிட்டு, இது இசையே அல்ல என்றாராமே?

அப்படி ஒரு கதை உண்டு. அதைச் சொல்லில் சொல்லாக நம்ப வேண்டியதில்லை என்றாலும், நாடகத்தின் மீது அவருக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை என்பதைப் பல செய்திகள் காட்டுகின்றன. கதையை எழுதிய விக்டர் லியோனும் லியோ ஸ்டைனும் முதலில் நாடியது ரிச்சர்ட் ஹாய்பெர்கர் என்ற இசையமைப்பாளரை. அவர் அமைத்த இசை திருப்தி தராததால்தான் வேலை லேஹாரிடம் வந்தது. ஒரு பாட்டுக்கு உடனே மெட்டமைத்து அதைத் தொலைபேசி வழியாகவே லியோனுக்கு வாசித்துக் காட்டி லேஹார் வாய்ப்பைப் பெற்றார் என்று சொல்வார்கள். முதலாளிகள் செலவைச் சுருக்கிக்கொண்டதால், கதாநாயகி மிட்ஸி குந்தரும் கதாநாயகன் லூயி ட்ராய்மனும் உடைக்குத் தங்கள் கைக்காசைப் போட்டார்கள் என்றும், ஆரம்ப வாரங்களில் இலவச டிக்கெட் கொடுத்து இருக்கைகளை நிரப்பினார்கள் என்றும் கதைகள் உண்டு.

நான் கார்சாக்கைக் குறை சொல்ல மாட்டேன். நம்பிக்கை இல்லாத நாடகத்தையும் கூட்டம் சேரும்வரை எடுக்காமல் ஓட்டியது சாதாரணக் காரியமல்ல.

லண்டனில் இதை நடத்திய ஜார்ஜ் எட்வர்ட்ஸ் யார்?

1855இல் பிறந்தவர். சவாய் அரங்கில் கில்பர்ட், சல்லிவன் நாடகங்களை நடத்திய ரிச்சர்ட் டாய்லி கார்ட்டிடம் தொழில் கற்றார். பிறகு கெய்ட்டி, டேலிஸ் என்ற இரண்டு அரங்குகளை நடத்தினார். கெய்ட்டியில் அழகிய உடை உடுத்திய பெண்களின் அணிவகுப்பும் இலகுவான பாட்டும், டேலிஸில் சற்றுக் கனமான இசையும் பயின்ற குரல்களும் என்று இரண்டுக்கும் இரண்டு ருசிகளை வகுத்துக்கொண்டார். 1896இல் டேலிஸில் தொடங்கிய ‘கெய்ஷா’ 760 காட்சிகள் ஓடியது. ஊழியர்கள் அவரைப் பேர் சொல்லாமல், முதலாளி என்ற பொருள்படும் ‘கவ்னர்’ என்றே அழைத்தனர். குதிரைப் பந்தயத்தில் பெரும் பித்து உள்ளவர். டேலிஸில் ஓடிய ‘சான் டாய்’ நாடகத்தின் பெயரை ஒத்த சாண்டாய் என்ற அவருடைய குதிரை 1901இல் ஆஸ்காட் தங்கக் கோப்பையை வென்றது.

1907இல் டேலிஸில் ஓர் இடைவெளி விழ, அதைச் சில வாரங்களுக்கு நிரப்பத்தான் ‘மெர்ரி விடோ’வை எடுத்தார் என்பார்கள். ஆனால் அவர் செய்த வேலை இடைவெளி நிரப்பும் வேலையாகத் தெரியவில்லை. வியன்னாவில் நடித்த மிட்ஸி குந்தரை வரவழைத்தும், லண்டன் ரசிகர் எதிர்பார்க்கும் தோற்றம் இது அல்ல என்று கருதித் திருப்பி அனுப்பினார். இருபத்தொரு வயது லில்லி எல்சியைப் பெர்லினுக்கு அழைத்துப்போய் நாடகத்தைக் காட்டி, என் குரல் இதற்குப் போதாது என்று தயங்கியவரை இணங்க வைத்தார். உடை தைக்க லூசீல் என்ற பெயரில் புகழ்பெற்றிருந்த லேடி டஃப் கார்டனை அமர்த்தினார். எல்சி தலையில் வைத்த அகல விளிம்புத் தொப்பி அவர் வடிவமைத்தது. நாட்டின் பெயரைப் பொன்டெவெட்ரோவிலிருந்து மார்சோவியா என்றும், நாயகியை ஹன்னாவிலிருந்து சோனியா என்றும் மாற்றினார். மூலத்தில் மூன்றாம் அங்கம் நாயகியின் வீட்டில், மாக்ஸிம் உணவகம் போல அலங்கரித்த கூடத்தில் நடக்கும். லண்டனில் அது நேராக அந்த உணவகத்திலேயே நடந்தது.

பாடத் தெரியாதவரைக் கதாநாயகனாகப் போட்டார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. டானிலோவாக நடித்த ஜோசப் காயின் அமெரிக்க நகைச்சுவை நடிகர். பாட்டுகளைப் பெரும்பாலும் பேச்சாகவே சொன்னார். லண்டன் ஒத்திகைக்கு லேஹார் வந்தபோது, காயின் தொண்டையைக் காப்பாற்றிக்கொள்கிறார், அதனால்தான் இப்போது பாடவில்லை என்று எட்வர்ட்ஸ் சமாளித்ததாக ஒரு கதை அரங்க உலகில் நெடுநாள் உலவியது. 1907 ஜூன் 8 அன்று முதல் காட்சியில் வாத்தியக் குழுவை நடத்தியவர் லேஹாரே.

இசை ரசிகர் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த நாடகத்தின் உச்சம் ஒரு பாட்டு அல்ல, ஒரு வால்ட்ஸ் நடனம். இருவரும் காதலைச் சொல்ல மறுத்துக்கொண்டே ஆடத் தொடங்குகிறார்கள். மெட்டு முதலில் வாத்தியத்தில்தான் வருகிறது. அதற்குரிய சொற்கள் மூன்றாம் அங்கத்தில்தான் கிடைக்கின்றன. வாயால் சொல்லாததை உடம்பு சொல்லும் அந்த இடத்துக்கு நடிக்கவும் ஆடவும் தெரிந்த ஆள் போதும் என்று எட்வர்ட்ஸ் கணக்கிட்டார். என் கருத்தில், அந்த நாடகத்தை அவரளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

778 காட்சிகள் ஓடியது என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். அதில் என்ன அதிசயம்?

டேலிஸில் ‘மெர்ரி விடோ’ 1909 ஜூலை இறுதிவரை ஓடி 778 காட்சிகளைத் தொட்டது. ஒரே அரங்கில், இரவுக்கு ஒரு காட்சியும் சில பகல் காட்சிகளும் என இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது என்று பொருள். திரை, உடை, ஒத்திகைச் செலவெல்லாம் முதல் சில மாத வசூலில் அடைபட்டால், பிறகு வருவதில் பெரும்பகுதி லாபம். அந்த லாபத்தில்தான் அடுத்த நாடகத்தின் உரிமை வாங்கப்பட்டது. ‘டாலர் இளவரசி’ 1909லும் ‘லக்ஸம்பர்க் பிரபு’ 1911லும் டேலிஸுக்கு வந்தன.

தலைநகரில் நெடுநாள் ஓடியது என்ற பெயரே வெளியூர் விளம்பரம். முதன்மைக் குழு லண்டனில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, அதே உடை, அதே நடனத்துடன் வேறு குழுக்கள் மாகாண நகரங்களுக்குப் போயின.

அமெரிக்காவில் இதைப் பரப்பியது நியூயார்க்கின் பிராட்வே அரங்க வட்டாரத்து ஆட்களா?

இல்லை, பாஸ்டனில் நிலம், கட்டடம் வாங்கி விற்ற தொழிலிலிருந்து வந்த ஹென்றி சாவேஜ். தன் வசமிருந்த காசில் ஸ்கொயர் அரங்கில் ஆங்கிலத்தில் ஓபரா நடத்தத் தொடங்கியவர். மக்களுக்குப் புரியும் மொழியில், மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் என்பது அவர் கொள்கை. வாக்னரின் ‘பார்சிஃபால்’ என்ற நெடிய ஓபராவையே 1904இல் ஆங்கிலத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோன துணிச்சல்காரர். ‘மெர்ரி விடோ’வை 1907 அக்டோபர் 21 அன்று நியூயார்க்கின் நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கில் தொடங்கினார், எத்தல் ஜாக்சனும் டொனால்ட் பிரையனும் நடித்தனர், 416 காட்சிகள். ஒரே நேரத்தில் பல குழுக்களை ரயிலேற்றி நாடெங்கும் அனுப்பினார்.

தொப்பி அங்கே பித்தாகவே மாறியது. 1908 ஜூனில் ஒரு சிறப்புக் காட்சிக்கு வரும் பெண்களுக்கு அந்தத் தொப்பியை நினைவுப் பரிசாகத் தருவதாக அறிவித்தார்கள். வந்த பெண்களின் எண்ணிக்கைக்குத் தொப்பிகள் போதவில்லை. அரங்கிலேயே தள்ளுமுள்ளு நடந்து மறுநாள் பத்திரிகைச் செய்தியாயிற்று. சாக்லேட், சிகரெட், உள்கச்சு என்று எதை விற்றாலும் ‘மெர்ரி விடோ’ என்று பெயர் வைக்கும் வழக்கம் அப்போது பரவியது. சினிமாப் பெயரில் புடவை விற்ற ஊரில் இருக்கும் நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஹாமர்ஸ்டீன் பெரிய ஓபரா முதலாளியாயிற்றே, அவர் ஏன் இந்தப் பக்கம் வந்தார்?

முதலில் ஒரு தெளிவு: இவர் பாடலாசிரியர் ஹாமர்ஸ்டீன் அல்லர், அவருடைய தாத்தா, அதே பெயரினர். சுருட்டு செய்யும் இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்று அந்தப் பணத்தில் அரங்குகள் கட்டியவர். 1906இல் மன்ஹாட்டன் ஓபரா அரங்கைத் தொடங்கி, மெட்ரோபாலிட்டன் ஓபராவுக்கே கடும் போட்டியானார். 1910இல் மெட்ரோபாலிட்டன் தரப்பு ஏறக்குறைய 12 லட்சம் டாலர் கொடுத்து, பத்து ஆண்டுகளுக்கு நியூயார்க்கில் ஓபரா நடத்துவதில்லை என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டது.

ஓபரா கூடாது என்றுதானே ஒப்பந்தம், ஓபரெட்டா கூடாது என்று இல்லையே. அதே ஆண்டு நவம்பரில் விக்டர் ஹெர்பர்ட் இசையமைத்த ‘நாட்டி மாரியட்டா’வைத் தொடங்கி, தன் ஓபரா குழுவின் எம்மா ட்ரென்டினியை நாயகியாக்கினார். அதனால்தான் அதன் பாட்டுகள் மற்றவற்றைவிடக் கடினமாக இருக்கின்றன. பின்னர் ஹெர்பர்ட் வாத்தியக் குழுவை நடத்திய ஒரு காட்சியில் ரசிகர்கள் ஒன்ஸ்மோர் கேட்க, ட்ரென்டினி பாட மறுக்க, ஹெர்பர்ட் கோபித்துக்கொண்டு வெளியேறினார். அவளுக்கு இனி இசையமைக்க மாட்டேன் என்றார். ஹாமர்ஸ்டீனின் மகன் ஆர்தர், அதிகம் அறியப்படாத ருடால்ஃப் ஃப்ரிமலிடம் அந்த வேலையைக் கொடுத்தார்; 1912இல் ‘ஃபயர்ஃபிளை’ பிறந்தது. ஆர்தரும் ஃப்ரிமலும் சேர்ந்த கூட்டு 1924இல் ‘ரோஸ் மேரி’யாகி 557 காட்சிகள் ஓடியது.

பெர்னார்ட் ஷா தன் நாடகத்தை ஓபரெட்டாவாக்க அனுமதித்தாரா, இல்லையா?

அனுமதித்தார், ஆனால் முறுக்கிக்கொண்டு. ‘ஆர்ம்ஸ் அண்ட் தி மேன்’ என்ற அவருடைய நாடகமே, மேலே சொன்ன ‘வீரமிக்க சிப்பாய்’க்கு மூலம். தன் வசனத்தையும் பாத்திரப் பெயர்களையும் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை விதித்து, வருவாயில் தனக்குப் பங்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ஃபிரெட் விட்னி என்ற அமெரிக்க முதலாளி அதை 1909இல் நியூயார்க்கிலும் 1910இல் லண்டனிலும் ‘சாக்லேட் சோல்ஜர்’ என்று நடத்தினார்; லண்டனில் 500 காட்சிகள் ஓடியது. ஷாவுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. ‘பிக்மேலியன்’ நாடகத்துக்கு இசையமைக்க லேஹார் பின்னாளில் ஆசைப்பட்டபோது ஷா மறுத்ததற்கு இந்தச் சூடே காரணம்.

முதலாளிகளில் பெண்கள் யாருமே இல்லையா?

அலெக்ஸாண்ட்ரின் ஃபான் ஷோனரர் இருந்தார். கார்சாக்குக்கு முன்பு, 1884 முதல் 1900 வரை தியேட்டர் ஆன் டெர் வீன் அவருக்குச் சொந்தம். கடைசிப் பத்தாண்டுகளில் நிர்வாகத்தையும் அவரே பார்த்தார். அவருடைய அண்ணன் கியோர்க், யூத வெறுப்பை அரசியலாக்கியவர்களில் பெயர்போனவர். தங்கையின் அரங்கிலோ யூத எழுத்தாளர்கள் இயல்பாக எழுதிக்கொண்டிருந்தனர். 1898இல் அங்கே வெற்றி பெற்ற ‘ஓபரா நடனவிருந்து’ நாடகத்தில் இணைந்தவர்கள்தான் ஹாய்பெர்கரும் விக்டர் லியோனும். லேஹாரைத் தேடுமுன் லியோன் ஏன் ஹாய்பெர்கரிடம் போனார் என்பது இப்போது விளங்கும்.

உலகப் போர் வந்ததும் வியன்னா நாடகங்கள் நின்றுபோயினவா?

வியன்னாவில் நிற்கவில்லை; இசையமைப்பாளர் கால்மனின் ‘சார்தாஷ் இளவரசி’ 1915 நவம்பரில், போரின் நடுவில்தான் அரங்கேறியது. லண்டனில் பகைநாட்டு இசை வேண்டாம் என்ற மனநிலை வந்தது. போர் மூண்டபோது எட்வர்ட்ஸ் சிகிச்சைக்காக ஜெர்மனியின் பாட் நௌஹைமில் இருந்தார்; அங்கேயே தடுத்து வைக்கப்பட்டு, உடல் நலிந்து திரும்பி, 1915 அக்டோபரில் இறந்தார். டேலிஸை ஏற்ற ராபர்ட் எவெட், உள்ளூர் இசையமைப்பாளரைக் கொண்டு 1917இல் நடத்திய ‘மெய்ட் ஆஃப் தி மவுண்டன்ஸ்’ 1,352 காட்சிகள் ஓடியது.

நியூயார்க்கில் ஷூபர்ட் சகோதரர்கள் வேறு வழி கண்டனர். பெர்லினின் ஒரு நாடகக் கதையை எடுத்து, இசையை நீக்கி, ஹங்கேரியில் பிறந்து தங்களிடம் சம்பளத்துக்கு இருந்த சிக்மண்ட் ராம்பர்க்கைப் புதிதாக எழுதச் சொல்லி, களத்தை நியூயார்க்குக்கு மாற்றி 1917இல் ‘மேடைம்’ என்று நடத்தினர். போர் முடிந்தபின் இசைமேதை ஷூபர்ட்டின் வாழ்க்கையைக் கதையாகக் கொண்ட ‘ப்ளாசம் டைம்’ 1921இல் வந்தது. தமிழில் எழுதும்போது முதலாளியும் கதாநாயகனும் ஒரே பெயராகிவிடுவதால் படிப்பவர் குழம்ப வேண்டாம். 1924இல் தொடங்கிய ‘ஸ்டூடண்ட் பிரின்ஸ்’ 608 காட்சிகள்.

இதெல்லாம் நம் பக்கம் எட்டிப் பார்த்ததா?

எட்டிப் பார்த்தது. மாரிஸ் பாண்ட்மன் என்ற முதலாளி கல்கத்தாவைத் தலைமையிடமாக வைத்து, மத்தியதரைக் கடல் முதல் ஜப்பான் வரை கப்பலில் குழுக்களை அனுப்பினார். எட்வர்ட்ஸின் லண்டன் நாடகங்களை நடத்தும் உரிமையைப் பெற்றிருந்த அவருடைய குழுக்கள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் ஆடின. பம்பாயில் 1911இல் திறக்கப்பட்ட ராயல் ஓபரா ஹவுஸ், அவரும் நிலக்கரி வணிகர் ஜஹாங்கீர் ஃப்ராம்ஜி கராகா என்ற பார்சியும் சேர்ந்து எழுப்பியது.

அவருடைய கணக்கு எட்வர்ட்ஸின் கணக்குக்கு நேர் எதிரானது. லண்டனில் ஒரே நாடகத்துக்கு இரண்டு ஆண்டுகள் புதுப்புது ஆட்கள் வருவார்கள். கொழும்பு போன்ற துறைமுகத்தில் ஆங்கில நாடகம் பார்ப்பவர்கள் ஒரு சிறு கூட்டம். அதே ஆட்களை மறுநாளும் வரவழைக்க வேண்டுமென்றால் மறுநாள் வேறு நாடகம் போட வேண்டும். அதனால் இரவுக்கு ஒன்றாகப் பல நாடகங்களுக்கான உடையையும் திரையையும் மூட்டைகட்டிக்கொண்டு அவர்கள் பயணம் செய்தனர். பாண்ட்மன் 1922இல் ஜிப்ரால்டரில் இறந்தார்.

இந்தத் தொழில் எப்போது சரிந்தது?

பேசும் படம், பொருளாதார மந்தம் என்று பல காரணங்கள் உண்டு. பெர்லினில் அது அரசியலால் வெட்டப்பட்டது. ஆல்ஃபிரட், ஃபிரிட்ஸ் என்ற ரோட்டர் சகோதரர்கள் 1929இல் மெட்ரோபோல் அரங்கில் லேஹாரின் ‘புன்னகை தேசம்’ நாடகத்தைப் பாடகர் ரிச்சர்ட் டாபருடன் நடத்தியவர்கள், யூதர்கள். கடனில் வளர்ந்த அவர்களுடைய அரங்குகள் 1933 ஜனவரியில் நொடித்தன. லீக்டன்ஸ்டைன் நாட்டுக்குத் தப்பியவர்களை அந்த ஏப்ரலில் நாஜி ஆதரவாளர்கள் கடத்த முயன்றபோது, ஆல்ஃபிரடும் அவர் மனைவியும் மலைச்சரிவில் விழுந்து இறந்தனர்.

அந்த அரங்குகளை இப்போது போய்ப் பார்க்க முடியுமா?

டேலிஸை முடியாது, 1937இல் இடித்து அந்த இடத்தில் சினிமா அரங்கு கட்டினார்கள். தியேட்டர் ஆன் டெர் வீன் இருக்கிறது. 2006 முதல் அது ஓபரா அரங்கு. தொப்பிக்காகத் தள்ளுமுள்ளு நடந்த நியூ ஆம்ஸ்டர்டாமை டிஸ்னி நிறுவனம் புதுப்பித்து 1997இல் திறந்தது. மும்பை ராயல் ஓபரா ஹவுஸ் நெடுங்காலம் பூட்டிக்கிடந்து 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது. நம்மவர்கள் எளிதில் போய் உட்கார்ந்து பார்க்கக்கூடியது அதுதான்.